பெயரிலேயே இருக்கிறது பதில்: பிஎஸ்எல் ரைபிள் ஓர் எளிய அறிமுகம்

துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதன்முறையாக என் பிஎஸ்எல்லைப் பையிலிருந்து வெளியே எடுத்தபோது, பக்கத்து மேசைக்காரர் கண்கள் விரிய, "ஓ, டிராகுனோவ்!" என்றார். சற்று நேரம் கழித்து இன்னொருவர் வந்து, "ஸ்னைப்பர் ரைபிளா? ஒரே இடத்தில் அஞ்சு குண்டும் விழுமா?" என்று கேட்டார். இது டிராகுனோவ் என்ற பெயரில் புகழ்பெற்ற சோவியத் ரைபிளும் இல்லை, அவர் நினைக்கும் பொருளில் ஸ்னைப்பரும் இல்லை. இந்த இரண்டையும் தெளிவாக்கிக்கொண்டால் ரைபிளின் முக்கால்வாசி புரிந்துவிடும். அமெரிக்காவில் இருந்துகொண்டு இதை வாங்க நினைக்கும் தமிழர்களுக்காகவும், வாங்கும் எண்ணம் இல்லாமல் சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம். பிஎஸ்எல் என்பது ருமேனிய மொழியில் "பூஷ்கா செமிஆட்டோமாதா கு லுனெடா" என்பதன் சுருக்கம். தொலைநோக்கி வைத்த அரைத்தானியங்கி ரைபிள் என்று பொருள். இந்தப் பெயரில் "ஸ்னைப்பர்" என்ற சொல்லே கிடையாது. எனக்கு இந்தத் துப்பாக்கியில் பிடித்த முதல் விஷயமே அந்தப் பெயரின் நேர்மைதான்.

ஸ்னைப்பர் என்றால் தனியாகவோ ஒரு துணையோடோ போய், மணிக்கணக்கில் காத்திருந்து, ஒரே ஒரு குண்டை வெகு தூரத்தில் துல்லியமாகச் சேர்ப்பவர். குறிசுடுநர், அதாவது ஆங்கிலத்தில் மார்க்ஸ்மேன் எனப்படுபவர், வேறு ஆள். அவர் சாதாரணக் காலாட்படைப் பிரிவோடு சேர்ந்தே நடப்பவர், மற்றவர்களோடு ஓடுபவர், படுப்பவர். மற்றவர்கள் துப்பாக்கி எட்டாத தூரத்துக்கு அவருடையது எட்ட வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் காலாட்படை ஏகே துப்பாக்கிக்கு மாறியது. அது நல்ல துப்பாக்கிதான், ஆனால் 300, 400 மீட்டரைத் தாண்டினால் அதை நம்பிச் சுடுவது கஷ்டம். அதற்கு மேல் 600, 800 மீட்டர் வரை இருந்த இடைவெளியை நிரப்பத்தான் எவ்கேனி டிராகுனோவ் வடிவமைத்த எஸ்விடி ரைபிள் 1963-ல் சோவியத் படையில் சேர்ந்தது. டிராகுனோவ் ஏற்கெனவே விளையாட்டுப் போட்டிகளுக்கான ரைபிள்கள் செய்தவர். அந்தக் கைப்பக்குவம் எஸ்விடியில் தெரியும்.

ருமேனியா ஏன் அதையே வாங்கிக்கொள்ளவில்லை? 1968 ஆகஸ்டில் சோவியத் கூட்டுப்படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது, சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தக் கூட்டணி நாடாக இருந்தும் ருமேனியா அதில் சேர மறுத்தது. அதிபர் சௌஷெஸ்கு வெளிப்படையாகவே கண்டித்தார். அடுத்த முறை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை, ஆயுதத்துக்கு மாஸ்கோவை நம்பக் கூடாது என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோனது. அந்தக் காலத்துப் பிள்ளைதான் பிஎஸ்எல். குஜிர் நகரத்துத் தொழிற்சாலையில் உருவாகி 1974-ல் ருமேனியப் படைக்கு வந்தது.

டிராகுனோவ் இல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெளித்தோற்றம் மட்டும்தான் ஒன்று. இரண்டிலும் நீளமான மெல்லிய குழல், நடுவில் ஓட்டை விட்ட மரப்பிடி, இடப்பக்கம் மாட்டும் தொலைநோக்கி. உள்ளே திறந்து பார்த்தால் கதை வேறு. ருமேனியர்கள் ஏற்கெனவே தங்கள் கையில் இருந்த ஏகே குடும்பத்தின் பொறியமைப்பை, குறிப்பாக ஆர்பிகே என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கியின் தடித்த தகட்டுடலை எடுத்து, பெரிய தோட்டாவுக்கு ஏற்றபடி நீட்டிவிட்டார்கள். எஸ்விடியின் உடல் உருக்குக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. பிஎஸ்எல்லின் உடல் தகட்டை மடித்து ரிவெட் அடித்தது. தோட்டாக்களை அடைத்து மாட்டும் மேகசின்கூட ஒன்றுக்கொன்று சேராது. தூரத்திலிருந்து அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு: பிஎஸ்எல் மேகசின் பக்கவாட்டில் பெருக்கல் குறி மாதிரி ஓர் அழுத்தம் இருக்கும்.

அரைத்தானியங்கி என்றால் என்ன என்று நிறையப் பேருக்குக் குழப்பம். டிரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான் போகும். அழுத்திப் பிடித்திருந்தாலும் இரண்டாவது போகாது. ஆனால் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும் வேலையைத் துப்பாக்கி தானே செய்துகொள்ளும், நாம் எதையும் இழுக்க வேண்டாம். குண்டு குழலுக்குள் ஓடும்போது பின்னால் உந்தும் வாயுவில் கொஞ்சம், குழலின் மேலுள்ள ஒரு சிறு துளை வழியாக மேலே ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். ஏகேயிலும் பிஎஸ்எல்லிலும் அந்தப் பிஸ்டன், தோட்டா அறையை அடைக்கும் போல்ட் பூட்டைத் தாங்கும் கனமான இரும்போடு ஒட்டியே இருக்கும், இரண்டும் சேர்ந்தே கடைசிவரை பின்னால் போகும். போகிற போக்கில் காலி உறை வெளியே தெறிக்கும். திரும்பி வரும்போது மேகசினின் தலைத்தோட்டாவை இழுத்துக்கொண்டு வந்து அறைக்குள் பூட்டும். எஸ்விடியில் பிஸ்டன் தனி. அது ஒரு குட்டித் தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும், அதனால் ஆட்டம் குறைவு. பிஎஸ்எல்லில் அவ்வளவு கனமும் முன்னும் பின்னும் ஓடுவதை ஒவ்வொரு வேட்டிலும் தோளில் உணரலாம். உதை என்று சொல்வதைவிட, யாரோ தோளைப் பிடித்து நீளமாகத் தள்ளுவது போல இருக்கும். தொலைநோக்கிக்குள் தெரியும் இலக்கு ஒரு நொடி காணாமல் போய்த் திரும்ப வரும்.

இந்த ரைபிளோடு சேர்த்துச் சொல்லப்படும் சர்ப்ளஸ் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். ராணுவம் தனக்கு வேண்டாம் என்று கழித்து விற்ற துப்பாக்கிதான் உண்மையான சர்ப்ளஸ். அமெரிக்க ராணுவத்தின் எம்1 கேரண்ட் அதற்கு நல்ல உதாரணம். சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு அதைத் தகுதியுள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கு விற்கிறது. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியப் போட்டிகளில் இன்றும் தாத்தாக்களும் பேரன்களும் கேரண்டோடு வரிசையில் படுத்திருப்பதைப் பார்க்கலாம். பிஎஸ்எல் கதை வேறு. அமெரிக்கக் கடைக்கு வந்த பிஎஸ்எல்களில் பெரும்பாலானவை, ரோமாக் 3 போன்ற பெயர்களில், அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்கு ஏற்றபடி செய்து ஏற்றுமதி செய்யப்பட்டவை. போரைப் பார்த்தவை அல்ல. அதனால்தான் இதை வெறும் சர்ப்ளஸ் என்று சொல்லாமல் "சர்ப்ளஸ் ரகம்" என்று சொல்வது பொருத்தம். யாராவது "இது ருமேனிய ராணுவத்திலிருந்தே வந்தது" என்று கதை சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி சட்டம். நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, தம் வசம் வைத்திருக்கவும் கூடாது என்பதே கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்கிச் சுடுவதும் இந்த வம்பில் மாட்டிவிடக்கூடும். "ஒரு தடவைதானே" என்று யாராவது அழைத்தால், போவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை உண்மையாக நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கடையில் ரைபிள் வாங்கக் கூட்டாட்சி வயது வரம்பு 18. சில மாநிலங்களில் அதைவிட அதிகம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் கழற்றும் மேகசினோடு கட்டைவிரல் நுழையும் ஓட்டைப்பிடி சேர்ந்தாலே தடைசெய்யப்பட்ட வகையாகிவிடும், பிஎஸ்எல்லில் இருப்பதோ அதே பிடிதான். இன்னொன்று: இறக்குமதி ரைபிளின் பாகங்களை ஆசைக்கு மாற்றுவதற்கும் விதி இருக்கிறது. சட்டம் பட்டியலிட்ட 20 பாகங்களில் வெளிநாட்டில் செய்தவை 10-க்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வைத்துச் சுடுங்கள். இந்தியாவில் இந்த வகை துப்பாக்கி சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கனவிலும் வேண்டாம்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். தமிழில் நாம் குண்டு, தோட்டா இரண்டையும் கலந்து பேசுகிறோம். தோட்டா என்பது முழுப் பொருள்: உறை, அதற்குள் மருந்து, அடியில் பொறி கிளப்பும் பிரைமர், நுனியில் குண்டு. பறப்பது குண்டு மட்டும்தான். பிஎஸ்எல் தின்பது 7.62×54 ஆர் என்ற ரஷ்யத் தோட்டா. 1891-ல் மோசின் ரைபிளுக்காகப் பிறந்தது, இன்றும் ராணுவ சேவையில் இருக்கிறது. அதன் அடிப்பாகம் உறையைவிட அகலமாக, ஆணித் தலை மாதிரி விளிம்பு கட்டியிருக்கும். இந்த விளிம்புதான் புதியவர்களை முதல் நாளே படுத்தும். மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் ஒன்றையொன்று பிடித்து இழுத்து, பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டு, கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளாமல் லேசாக முன்பக்கம் விட்டுப் போட்டால் சிக்கல் வராது. பத்துத் தோட்டா போட எனக்கு முதல் நாள் ஐந்து நிமிடம் ஆனது.

இந்தத் தோட்டா ஒரு காலத்தில் மலிவோ மலிவு. 440 தோட்டாக்களை ஒரே தகர டப்பாவில் அடைத்து விற்பார்கள். டப்பாவைத் திறக்க மத்தி மீன் டின் திறப்பது போலத் தனிக் கத்தி வேண்டும். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியதும் விலை ஏறிவிட்டது. இன்று கடையில் எளிதாகக் கிடைப்பவை செக், செர்பியத் தயாரிப்புகள். தரம் நல்லதுதான். ஆனால் அவற்றில் பல 180 கிரெயின், அதாவது ஏறக்குறைய 11.7 கிராம் எடையுள்ள குண்டுகள். பிஎஸ்எல் பழகியதோ 148 கிரெயின், சுமார் 9.6 கிராம் இலகு குண்டுக்கு. எஸ்விடியில் வாயுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு, பிஎஸ்எல்லில் அது இல்லை. கனக் குண்டைத் தொடர்ந்து சுட்டால் அந்தப் பெரிய பிஸ்டன் இரும்பு ஒவ்வொரு முறையும் பின்சுவரில் வேகமாக மோதும், நாளடைவில் ரிவெட்டுகளுக்கும் உடலின் பின்புற உருக்குக் கட்டைக்கும் சிரமம். நான் 150 கிரெயினுக்கு மேல் போடுவதில்லை. கொஞ்சம் தேடி வாங்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. குஜிரில் ரிவெட் அடித்த அந்த உடலை இன்னொன்று வாங்கி மாற்றிக்கொள்ள முடியாது.

இந்த ரைபிளில் நான் அதிக நேரம் செலவிடுவது தொலைநோக்கியோடுதான். எல்பிஎஸ் 4×6 என்று பெயர். நான்கு மடங்கு பெரிதாக்கும், ஆறு பாகை அகலம் காட்டும். இன்றைய வேட்டைக்காரர்கள் மாட்டிவரும் இருபது மடங்குக் கண்ணாடிகளுக்கு முன் இது சின்னதாகத் தெரியலாம். ஆனால் உள்ளே பார்க்க வேண்டும். நடுவில் கூட்டல் குறி இல்லை. மேல்நோக்கிய கூரை மாதிரி ஒரு சிறு முனை, அதற்குக் கீழே இன்னும் மூன்று முனைகள். இரு பக்கமும் குட்டிக் கோடுகள். இடப்பக்கம் கீழே ஒரு வளைகோடு, அதன் மேல் 2, 4, 6, 8, 10 என்று எண்கள். அந்த வளைகோடுதான் தூரம் அளக்கும் கோல். சுமார் 1.7 மீட்டர் உயரமுள்ள ஒன்றை அடிக்கோட்டில் நிறுத்தி, உச்சி எந்த இடத்தில் வளைகோட்டைத் தொடுகிறதோ, அந்த எண்ணே நூறு மீட்டர்களில் தூரம். நான் 1.7 மீட்டருக்கு ஒரு பலகை வெட்டி, ரேஞ்சின் 400 கஜக் கோட்டில் வைத்துப் பார்த்தேன். கஜத்தை மீட்டராக மாற்றிப் பார்த்தால் வளைகோடு சரியாகவே சொன்னது. பேட்டரி இல்லை, லேசர் இல்லை, கண்ணாடியில் செதுக்கிய ஒரு கோடு.

தூரம் தெரிந்ததும் மேலுள்ள திருகை அந்த எண்ணுக்குத் திருப்பினால், குண்டு விழும் அளவுக்குக் கண்ணாடி தானே ஈடுகட்டிக்கொள்ளும். அந்தத் திருகுக்குள் இருக்கும் வளைவு இலகு குண்டின் பாய்ச்சலுக்கு என்றே, வினாடிக்குச் சுமார் 830 மீட்டர் வேகத்தை வைத்துச் செதுக்கியது. கனக் குண்டு போட்டால் எண்கள் பொய் சொல்ல ஆரம்பிக்கும், குண்டு எடையில் கவனமாக இருக்க இது இன்னொரு காரணம். குறியை இடம் வலமாக நகர்த்தும் பக்கத் திருகில் ஓர் எண் என்பது ஒரு மில், 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். பழைய ராணுவக் கண்ணாடிகளில் இரவில் குறி தெரிய டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு வைத்திருப்பார்கள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், ஆகவே எண்பதுகளில் செய்த கண்ணாடி இன்று இருட்டில் ஒளிராது. அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ரப்பர் வளையத்தோடு கண்ணைச் சரியாகப் பொருத்திக்கொள்ளுங்கள். எட்டி வைத்தால் கறுப்பு நிழல் விழும். ஒட்டி வைத்தால் புருவத்தில் வாங்குவீர்கள்.

அந்த இரண்டாவது நண்பரின் கேள்விக்கு வருகிறேன்: ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுமா? துல்லியத்தைச் சுடுபவர்கள் "நிமிடம்" என்ற அளவில் பேசுவார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். நல்ல தோட்டா போட்டால் என் பிஎஸ்எல் இரண்டு நிமிடம் சுற்றிச் சுடும், பழைய டப்பாத் தோட்டாவில் மூன்று, நான்கு. இரண்டு நிமிடம் என்றால் 600 மீட்டரில் 35 சென்டிமீட்டர் வட்டம். காகிதத்தில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் இந்த ரைபிளிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான். அதை அது ஐம்பது வருடங்களாகத் தந்துகொண்டிருக்கிறது. போட்டி ரைபிளோடு ஒப்பிட்டு வருத்தப்பட்டு விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மாட்டு வண்டியில் பந்தயக் குதிரையைத் தேடியவர்கள்.

குழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 62 சென்டிமீட்டர் நீளம், பென்சில் மாதிரி ஒல்லி. முதல் மூன்று, நான்கு வேட்டு குளிர்ந்த குழலில் அழகாக விழும். சூடேறினால் குண்டுகள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகரும். புதிதாகச் சுடுபவர்கள் அதைப் பார்த்துக் கண்ணாடியைத் திருக ஆரம்பிப்பார்கள், அப்புறம் குளிர்ந்ததும் எல்லாம் மாறிவிடும். மூன்று சுட்டுவிட்டு, போல்ட்டைத் திறந்து, ரைபிளை மேசையில் வைத்துவிடுங்கள். கையைக் குழலுக்கு அருகில் கொண்டுபோனால் வெக்கை தெரியாத அளவுக்கு ஆறட்டும். நான் ஒரு சனிக்கிழமைக் காலை முழுவதும் நாற்பது தோட்டாவுக்கு மேல் சுடுவதில்லை.

ரேஞ்சுக்குப் போகும்போது காதுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டைப் பாதுகாப்பு. ரைபிள் வேட்டின் ஓசை 160 டெசிபலை நெருங்கும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வேட்டில் செவி கெடலாம், கெட்டால் திரும்பாது. கண்ணுக்குக் கண்ணாடி. குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதே என்று நினைத்துப் பிடிக்க வேண்டும், குழல்முனை எப்போதும் இலக்குப் பக்கம், குறி சேரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. பல ரேஞ்சுகளில் அதிகாரி ஒரு சின்னக் காந்தத்தோடு வருவார், உங்கள் தோட்டாவின் நுனியில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் சுட விடமாட்டார். ராணுவ இலகு குண்டின் நடுவில் மென்னுருக்கு இருக்கும், அது இரும்பு இலக்குகளைக் குழியாக்கும். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்து நீங்களே பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

திரும்பி வந்ததும் வேலை முடியவில்லை. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக, கிட்டத்தட்ட சமையல் உப்பின் உறவாக, குழலிலும் பிஸ்டனிலும் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டு மூடினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். எண்ணெயில் உப்பு கரையாது. கடற்கரையில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இது புரியும்: முதலில் நல்ல தண்ணீர், அப்புறம்தான் எண்ணெய்.

மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேல்மூடியைத் தூக்கி, போல்ட்டை வெளியே எடுக்கிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. ஒரு புனலைப் பின்புறத்திலிருந்து குழலுக்குள் வைத்து, மெதுவாக ஊற்றினால், வாசலில் வைத்த பக்கெட்டில் முதலில் மைக்கறுப்பாக, பிறகு தேநீர் நிறத்தில், கடைசியில் தெளிந்து விழும். வாயு ஏறும் துளைப்பகுதிக்கும் பிஸ்டன் தலைக்கும் தனியாக ஒரு குவளை. கொதிநீர் ஊற்றுவதன் நன்மை, இரும்பு சூடாகி ஈரம் தானே உலர்ந்துவிடும். துணித்துண்டை நாலைந்து முறை ஓட்டி, மெல்லிதாக எண்ணெய் பூசி, டிரிகர் பூட்டைப் போட்டு அலமாரியில் வைத்துச் சாவியை எடுத்துக்கொள்கிறேன். தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில். வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான்.

மறுநாள் மாலை ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பேன். செம்மண் நிறத்தில் ஒரு கீற்று வந்தால் மறுபடியும் கெட்டில். போன ஞாயிறு வெள்ளையாகவே வந்தது.